உப்புநீரை வெல்ல வேண்டும்

ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன், சிட்னி நகரங்களில் 288 பேர் ஒரு சோதனைக்குச் சம்மதித்தார்கள். அனைவருக்கும் வயது ஐம்பது அல்லது அதற்கு மேல். அனைவருக்கும் முழங்கால் மூட்டுத் தேய்மானம் இருந்தது, ஆனால் முற்றிவிடவில்லை. ஒவ்வொருவர் கையிலிருந்தும் ரத்தம் எடுக்கப்பட்டது. அதைச் சுழற்றி, தட்டணுக்கள் செறிந்த நீர்மத்தைப் பிரித்து, சரிபாதிப் பேரின் முழங்காலுக்குள் செலுத்தினார்கள். நம்மூர் எலும்பு மருத்துவமனைகளிலும் இப்போது பரவலாகப் பேசப்படும் பிஆர்பி ஊசி இதுதான். மறுபாதிப் பேருக்கு மருத்துவமனைகளில் சொட்டு மருந்தாக ஏற்றும் சலைன், அதாவது உப்புநீர் மட்டும். யாருக்கு எது என்பது குலுக்கல் முறையில் முடிவானது. ஊசிக்குழல் வெளியே தெரியாதபடி மறைக்கப்பட்டிருந்ததால் ஊசி போட்ட மருத்துவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. வாரம் ஒன்றாக மூன்று ஊசிகள்.

மெல்பர்ன் பல்கலைக்கழகத்தின் கிம் பென்னெல் தலைமையிலான குழு 2021 நவம்பரில் முடிவுகளை வெளியிட்டது. பத்துக்கு எத்தனை வலி என்று கேட்கும் அளவுகோலில், ஓராண்டுக்குப் பிறகு பிஆர்பி போட்டுக்கொண்டவர்களுக்கு வலி சராசரியாக 2.1 புள்ளி குறைந்திருந்தது. மருந்து வேலை செய்கிறது என்று யாருக்கும் சொல்லத் தோன்றும் எண் இது. ஆனால் உப்புநீர் போட்டுக்கொண்டவர்களுக்கும் 1.8 புள்ளி குறைந்திருந்தது. குருத்தெலும்பின் கன அளவு பிஆர்பி குழுவில் 1.4 சதவீதமும் உப்புநீர்க் குழுவில் 1.2 சதவீதமும் குறைந்தது. இரண்டுக்கும் நடுவே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு எதுவும் இல்லை.

உப்புநீர்க் குழு இல்லாமல் இதே சோதனை நடந்திருந்தால், 2.1 புள்ளி வெற்றி என்று தலைப்புச் செய்தி வந்திருக்கும். பெரிய மூட்டுகளுக்கான ஊசி மருந்துகளின் வரலாறு முழுவதும் இந்த ஒப்பீட்டைச் சுற்றியே நகர்கிறது. ஒரு மருந்து வலியைக் குறைக்கிறதா என்று கேட்பது போதாது. உப்புநீரைவிட அதிகமாகக் குறைக்கிறதா என்று கேட்க வேண்டும். இந்த அத்தியாயம் அந்தக் கேள்வியின் கதை.

மூட்டுக்குள் ஏன் ஊசி?

2020-ல் உலகம் முழுவதும் 59.5 கோடிப் பேர் மூட்டுத் தேய்மானத்தோடு வாழ்ந்தார்கள் என்பது உலக நோய்ச்சுமை ஆய்வின் மதிப்பீடு. நூறு பேரில் ஏழு பேருக்கும் மேல். முழங்காலே முதலிடம், அதற்கடுத்த பெரிய மூட்டு இடுப்பு. இவ்வளவு பேரைப் பிடித்திருக்கும் நோய்க்கு, அதன் போக்கையே நிறுத்தும் மருந்தாக இதுவரை ஒன்றும் அங்கீகரிக்கப்படவில்லை. வலி நிவாரணி மாத்திரைகள் இருக்கின்றன. அவை வயிறு, சிறுநீரகம், இதயம் ஆகியவற்றைப் பாதிக்கக்கூடியவை. இந்த நோய் அதிகம் தாக்குவதோ, அந்த உறுப்புகள் ஏற்கெனவே தளர்ந்திருக்கும் வயதினரை. வலிக்கும் இடத்திலேயே மருந்தைக் கொண்டுபோய் வைத்தால் உடலின் மற்ற பகுதிகளைத் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை என்ற எண்ணம் அங்கிருந்துதான் பிறக்கிறது.

எண்ணம் எளியது, மூட்டு எளியதன்று. எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பில் ரத்தக் குழாய்கள் இல்லை, நரம்புகளும் இல்லை. அதன் கன அளவில் ஏறத்தாழ 2 சதவீதம் மட்டுமே உயிருள்ள செல்கள். மீதியெல்லாம் நீரும் அந்தச் செல்கள் பின்னிய இழைகளும். ரத்தம் வராத இடம் என்பதால் ஒருமுறை சிதைந்தால் தன்னைத் தானே சீர்செய்துகொள்ள அதனால் பெரிதாக முடியாது. நரம்பு இல்லாததால் தேய்மானத்தின் வலி குருத்தெலும்பிலிருந்து நேரடியாக வருவதும் இல்லை. அடியிலிருக்கும் எலும்பு, மூட்டைச் சுற்றிய உட்சவ்வு, தசைநார்கள் ஆகியவற்றிலிருந்து வருகிறது. எக்ஸ்ரேயில் மூட்டு மோசமாகத் தெரியும் ஒருவர் சிரமமின்றி நடப்பதும், படத்தில் அதிகம் தேயாத மூட்டோடு இன்னொருவர் படியேற முடியாமல் தவிப்பதும் இதனால்தான். கெல்கிரன், லாரன்ஸ் என்ற இரு மருத்துவர்கள் 1957-ல் வகுத்த 0 முதல் 4 வரையிலான எக்ஸ்ரே தரவரிசையை இன்றும் உலகம் பயன்படுத்துகிறது. அது எலும்பின் படம், வலியின் படமாகாது.

ஊசி போய்ச் சேருவதும் உறுதியில்லை. ஆரோக்கியமான முழங்காலில் இருக்கும் திரவம் ஒரு தேக்கரண்டிகூட வராது. அவ்வளவு குறுகிய இடைவெளி அது. 2002-ல் வெளியான ஓர் ஆய்வில், நீர் கோத்துக்கொள்ளாத முழங்கால்களில் போட்ட 240 ஊசிகளை எக்ஸ்ரே உதவியோடு சரிபார்த்தார்கள். முழங்கால் சில்லின் வெளிப்பக்கவாட்டிலிருந்து போட்டவற்றில் 93 சதவீதம் சரியாக உள்ளே சென்றிருந்தன. முன்பக்கத்திலிருந்து போட்டவற்றில் நான்கில் ஒன்றுக்கு மேல் குறி தவறியிருந்தன. சோதனைகள் பலவற்றில் இப்போது அல்ட்ராசவுண்டு பார்த்தபடி ஊசி போடுவது இதற்காகவே. ஆழத்தில் இருக்கும் இடுப்பு மூட்டுக்கு அது இன்னும் அவசியம்.

சரியாகச் சென்ற மருந்தும் அங்கே தங்குவதில்லை. மூட்டின் உட்சவ்வில் இருக்கும் ரத்த நாளங்களும் நிணநீர்க் குழாய்களும் சிறிய மூலக்கூறுகளைச் சில மணி நேரத்திலேயே வெளியேற்றிவிடும். மாதக்கணக்கில் பலன் தரும் என்று சொல்லப்படும் எந்த ஊசியும், அது எப்படி அவ்வளவு நாள் நீடிக்கிறது என்று முதலில் விளக்கியாக வேண்டும்.

வேகமான நிவாரணம், மெதுவான கணக்கு

முதலில் வந்தது ஸ்டீராய்டு. கீல்வாத நோயாளிகளுக்குக் கார்டிசோன் அளித்து மயோ கிளினிக் மருத்துவர்கள் பெற்ற வியக்கத்தக்க பலனுக்குப் பின்னே இருந்தவர்கள் 1950-ல் நோபல் பரிசு பெற்றார்கள். அடுத்த ஆண்டு ஃபிலடெல்ஃபியாவின் ஜோசப் ஹாலண்டர், அதன் உறவினமான ஹைட்ரோகார்டிசோனை நேராக மூட்டுக்குள் செலுத்திக் கண்ட முடிவுகளை வெளியிட்டார். வீக்கம் வடிந்தது, வலி குறைந்தது. மெதுவாகக் கரையும் நுண்படிகங்களாகத் தயாரித்தால் பலன் இன்னும் நீடித்தது. உலகம் முழுவதும் மருத்துவமனைகளில் இந்த ஊசி வழக்கமானது.

எவ்வளவு நாள் பலன்? 2015-ல் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு முழங்காலுக்கான 27 சோதனைகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது. முதல் இரண்டு வாரங்களில் பலன் ஓரளவு நன்றாக இருந்தது. ஆறு வாரத்தில் குறைந்து, மூன்று மாதத்தில் மங்கி, ஆறு மாதத்தில் சுவடே இல்லாமல் போனது. சேர்க்கப்பட்ட சோதனைகள் பலவும் சிறியவை, தரம் குறைந்தவை என்பதையும் அந்தத் தொகுப்பு எடுத்துச் சொன்னது.

அப்படியானால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போட்டுக்கொண்டே இருக்கலாமா? மூட்டுக்கு அது கெடுதலா? கனடாவின் மான்ட்ரியாலில் 68 நோயாளிகளைக் கொண்டு இரண்டாண்டு நடந்த சோதனை 2003-ல் இதற்குப் பதில் சொன்னது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை 40 மில்லிகிராம் ட்ரையாம்சினலோன் என்ற ஸ்டீராய்டு பெற்றவர்களுக்கும் உப்புநீர் பெற்றவர்களுக்கும் எக்ஸ்ரேயில் மூட்டு இடைவெளி ஒரே மாதிரி இருந்தது. மருத்துவர்கள் நிம்மதி அடைந்தார்கள்.

பதினான்கு ஆண்டுகள் கழித்து, பாஸ்டனின் டஃப்ட்ஸ் மருத்துவ மையத்தில் டிமோதி மெக்கலிண்டன் குழு அதே மருந்தை அதே அளவில், அதே இடைவெளியில், அதே இரண்டு ஆண்டுகளுக்குச் சோதித்தது. இம்முறை 140 நோயாளிகள். ஒரு பெரிய வேறுபாடு: எக்ஸ்ரேக்குப் பதில் எம்ஆர்ஐ. ஸ்டீராய்டு பெற்றவர்களின் குருத்தெலும்பு 0.21 மி.மீ. மெலிந்திருந்தது, உப்புநீர் பெற்றவர்களுக்கு 0.10 மி.மீ. வலியிலோ இரு குழுக்களுக்கும் வேறுபாடு இல்லை.

எக்ஸ்ரேயில் குருத்தெலும்பு தெரிவதே இல்லை. எலும்புகளுக்கு நடுவிலான வெற்றிடத்தை வைத்து அதை ஊகிக்கிறோம். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு இழப்பைச் சில டஜன் நோயாளிகளில் அந்த ஊகம் காட்டிக்கொடுக்காது. 2003-ல் கெடுதல் காணப்படவில்லை என்பதைக் கெடுதல் இல்லை என்று படித்துவிட்டோம். எந்தச் சோதனையும் தன் அளவுகோல் பார்க்கக்கூடியதை மட்டுமே பார்க்கும்.

பாஸ்டன் சோதனைக்கும் ஓர் எல்லை உண்டு. அதில் வலியை மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் கேட்டார்கள். ஸ்டீராய்டின் நல்ல பலன் வந்துபோகும் முதல் சில வாரங்கள் அந்தக் கணக்கில் விழவில்லை. எனவே இந்த ஊசி உதவவே உதவாது என்று அதிலிருந்து முடிவு கட்டக் கூடாது. குறுகிய கால நிவாரணம் உண்மை. அதைத் திரும்பத் திரும்ப வாங்கினால் மூட்டு அதற்கு விலை கொடுக்க நேரலாம் என்பதும் உண்மை.

2020-ல் இன்னொரு கோணத்திலிருந்து ஒப்பீடு வந்தது. அமெரிக்க ராணுவ மருத்துவ அமைப்பில் 156 முழங்கால் நோயாளிகளில் ஒரு பாதிக்கு ஸ்டீராய்டு ஊசி, மறுபாதிக்கு பிசியோதெரபி. வலி, விறைப்பு, அன்றாடச் செயல்பாடு மூன்றையும் 24 கேள்விகளில் அளக்கும் வோமாக் என்ற அளவுகோலில், எண் குறைந்தால் நலம். ஓராண்டு முடிவில் பிசியோதெரபி குழு 37.0, ஊசிக் குழு 55.8. உடற்பயிற்சி என்றதும் மருத்துவர் ஒப்புக்குச் சொல்லும் அறிவுரை என்று ஒதுக்கிவிடுகிறோம். ஊசியோடு நேருக்கு நேர் நிறுத்திச் சோதித்தபோது அது முந்தியது. அந்த ஓராண்டில் அதற்குத் தேவைப்பட்டது பயிற்சியாளரும் பொறுமையும்.

பந்தயக் குதிரையிலிருந்து மனிதருக்கு

நம்மூரில் ஜெல் ஊசி என்று சொல்லப்படுவது ஹயலுரோனிக் அமிலம். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கார்ல் மேயரும் ஜான் பாமரும் 1934-ல் மாட்டின் கண்ணுக்குள் இருக்கும் கூழிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். மூட்டுத் திரவத்துக்கு வழுவழுப்பையும் மீள்தன்மையையும் தருவது இதுவே. தேய்ந்த மூட்டில் இதன் அடர்த்தி குறைகிறது என்பதால், வெளியிலிருந்து நிரப்பினால் மூட்டு மறுபடி வழுக்கும் என்று எண்ட்ரே பலாஷ் என்ற ஹங்கேரியில் பிறந்த விஞ்ஞானி கருதினார். சேவலின் கொண்டையிலிருந்து தூய நிலையில் பிரித்தெடுத்து, பந்தயக் குதிரைகளின் மூட்டுகளில் முதலில் பயன்படுத்தினார்கள். 1997-ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் மனித முழங்காலுக்கு இதை அனுமதித்தது.

அந்த அனுமதி மருந்து என்ற வகையில் தரப்படவில்லை, மருத்துவச் சாதனம் என்ற வகையில் தரப்பட்டது. வேதிவினை எதுவும் புரியாமல் வழுக்கும் பொருளாக மட்டும் செயல்படுகிறது என்பது வாதம். இருபத்தோரு ஆண்டுகள் கழித்து, 2018 டிசம்பரில், அந்த வகைப்பாடு பொருந்துமா என்று அந்த நிர்வாகமே கேள்வி எழுப்பியது. செலுத்திய பொருள் மூட்டிலிருந்து சில நாட்களில் மறைந்துவிடுகிறது, பலனோ மாதக்கணக்கில் நீடிப்பதாகச் சொல்லப்படுகிறது. வெறும் வழுவழுப்பால் அதை விளக்க முடியாது.

பலன் உண்மையிலேயே இருக்கிறதா? 2022-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்ட தொகுப்பாய்வு, ஐம்பது ஆண்டுகளில் நடந்த 169 சோதனைகளையும் 21,163 நோயாளிகளையும் திரட்டியது. சிறிய சோதனைகள் பெரிய பலனைக் காட்டின. சோதனை பெரிதாக ஆக, பலன் சுருங்கியது. பிளாசிபோவோடு, அதாவது மருந்தில்லாத போலிச் சிகிச்சையோடு, ஒப்பிட்ட 24 பெரிய சோதனைகளை, அவற்றிலிருந்த 8,997 பேரை, மட்டும் எடுத்துப் பார்த்தால், நூறு மில்லிமீட்டர் நீளமுள்ள வலிக்கோட்டில் ஊசிக்கும் பிளாசிபோவுக்கும் வேறுபாடு 2 மி.மீ. நோயாளி உணரும்படி இருக்கக் குறைந்தது 9 மி.மீ. வேண்டும். இதற்கான போதிய சான்று 2009-லேயே சேர்ந்துவிட்டது என்றும் அந்தக் குழு கணக்கிட்டது.

சிறிய சோதனைகள் ஏன் பெரிய பலனைக் காட்டுகின்றன? சிறிய குழுவில் தற்செயல் ஏற்ற இறக்கம் அதிகம். நல்ல பக்கம் சாய்ந்தவை பத்திரிகையில் வருகின்றன; மற்றவை அலமாரியில் தங்கிவிடுகின்றன. மேற்சொன்ன தொகுப்பில்கூட, நடந்து முடிந்தும் வெளியிடப்படாத சோதனைகளை ஆய்வாளர்கள் தேடிப்பிடித்துச் சேர்க்க வேண்டியிருந்தது. இதைத் தடுக்கும் வழி, முதல் நோயாளி சேர்வதற்கு முன்பே எதை அளக்கப்போகிறோம் என்று பொதுப் பதிவேட்டில் எழுதிவைப்பது. இந்தியாவில் 2009 ஜூன் முதல் இது கட்டாயம். நம் நாட்டில் நடக்கும் மருந்துச் சோதனைகளின் பதிவேட்டை இணையத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். முடிவு தெரிந்த பிறகு கேள்வியை மாற்றிக்கொண்டார்களா என்று பொதுமக்களே சரிபார்க்கும் உரிமை அது.

உப்புநீரில் என்ன இருக்கிறது?

உப்புநீர் போட்டுக்கொண்டவர்களுக்கு ஏன் வலி குறைகிறது? அவர்கள் ஏமாளிகள் என்றோ, வலி கற்பனை என்றோ நினைப்பது பெரிய தவறு. குறைந்தது மூன்று காரணங்கள் இங்கே சேர்ந்து வேலை செய்கின்றன.

முதலாவது, நோயின் போக்கு. மூட்டு வலி கூடிக் குறையும் இயல்புடையது. தாங்க முடியாத நாட்களில்தான் மருத்துவரிடம் போகிறோம். சோதனைகளும் வலி குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருப்பவர்களைத்தான் சேர்க்கின்றன. ஏரி தளும்பும் நாளில் மட்டத்தைக் குறித்துவைத்தால், மூன்று மாதம் கழித்து அது இறங்கித்தான் இருக்கும். மதகைத் திறந்தாலும் திறக்காவிட்டாலும். சராசரியை நோக்கிய இந்தத் திரும்பலை மருந்தின் கணக்கில் எழுதிவிடுவது மிக எளிது.

இரண்டாவது, எதிர்பார்ப்பு. நம்பிக்கையோடு எதிர்பார்க்கும்போது மூளை தன் சொந்த வலி நிவாரணிகளைச் சுரக்கிறது. மூட்டுத் தேய்மானச் சோதனைகள் 198-ஐ ஆராய்ந்து 2008-ல் வெளியான கட்டுரை, பிளாசிபோ பெற்றவர்களுக்கு வலி கணிசமாகக் குறைவதையும், சிகிச்சையே பெறாதவர்களுக்கு அப்படிக் குறையாததையும் காட்டியது. மாத்திரையைவிட ஊசிக்கு எதிர்பார்ப்பு அதிகம். முழங்காலுக்கான பிளாசிபோக்களை ஒன்றோடொன்று ஒப்பிட்ட 2015-ன் ஆய்வில், வாய்வழி பிளாசிபோவைவிட மூட்டுக்குள் போடும் பிளாசிபோ வலுவாக இருந்தது. சிகிச்சை எவ்வளவு பெரிதாகத் தெரிகிறதோ அவ்வளவு பெரிய எதிர்பார்ப்பு. அமெரிக்காவின் ஹூஸ்டனில் 180 முழங்கால் நோயாளிகளைக் கொண்டு நடந்து 2002-ல் வெளியான சோதனையில் ஒரு பகுதியினருக்குத் தோலில் மட்டும் கீறித் தைத்துவிட்டார்கள். மூட்டுக்குள் கருவி நுழைத்துச் சுத்தம் செய்யப்பட்டவர்களுக்கு அவர்களைவிட அதிகப் பலன் கிடைக்கவில்லை.

மூன்றாவது, நீரே ஏதாவது செய்யக்கூடும் என்ற ஐயம். மூட்டிலிருக்கும் அழற்சிப் பொருட்களை அது நீர்க்கச் செய்யலாம். லோரெசிவிவின்ட் என்ற புதிய மருந்தைச் சோதித்தவர்கள் இதற்காகவே கூடுதலாக ஒரு குழுவை வைத்தார்கள். அவர்களுக்கு ஊசி குத்தப்பட்டது, எதுவும் செலுத்தப்படவில்லை. மருந்தில்லாத திரவம் பெற்றவர்களுக்கும் வெறும் குத்து மட்டும் பெற்றவர்களுக்கும் அந்தச் சோதனையில் வேறுபாடு தெரியவில்லை.

இத்தகைய சோதனை நோயாளியை வஞ்சிப்பதாகாதா? ஆகாது, சில நிபந்தனைகளோடு. உங்களுக்குக் கிடைப்பது உப்புநீராகவும் இருக்கலாம் என்பது முதல் நாளே தாய்மொழியில் சொல்லப்பட்டு, புரிந்துகொண்டு கையெழுத்திட வேண்டும். எந்தக் கட்டத்திலும் காரணம் சொல்லாமல் விலகும் உரிமை வேண்டும். எந்தச் சிகிச்சை மேல் என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாத நிலையில்தான் குலுக்கல் நியாயமாகிறது. தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல் காசு வாங்கிக்கொண்டு ஆயிரக்கணக்கானோருக்குப் போடுவதுதான் அறமற்றது.

குருத்தெலும்பு வளர்ந்தது, வலி அசையவில்லை

உப்புநீரை வென்ற ஊசி ஒன்று உண்டு. ஆனால் வென்ற களம் வேறு. ஸ்பிரிஃபெர்மின் என்பது குருத்தெலும்புச் செல்களை வளரத் தூண்டும் ஒரு மனிதப் புரதத்தின் ஆய்வக வடிவம். 549 நோயாளிகளைக் கொண்ட அதன் சோதனையின் இரண்டாண்டு முடிவுகள் 2019-ல் வெளியாயின. ஆறு மாதத்துக்கு ஒருமுறை 100 மைக்ரோகிராம் பெற்றவர்களின் குருத்தெலும்பு 0.03 மி.மீ. தடித்திருந்தது. உப்புநீர் பெற்றவர்களுக்கு 0.02 மி.மீ. மெலிந்திருந்தது. திரும்பவே திரும்பாது என்று நினைத்த திசு, மருந்தால் தடிக்க முடியும் என்பதற்கு இது நல்ல சான்று. ஆயினும் வலியிலும் நடமாட்டத்திலும் இரு குழுக்களுக்கும் வேறுபாடு இல்லை.

நோயாளி மருத்துவரிடம் போவது மில்லிமீட்டருக்காக அல்ல. குருத்தெலும்பு காப்பாற்றப்பட்டால் பத்தாண்டு கழித்து அறுவை சிகிச்சை தள்ளிப்போகலாம், போகாமலும் இருக்கலாம். அதை அறிய இரண்டாண்டுச் சோதனை போதாது, பத்தாண்டுச் சோதனைக்குப் பணம் போட நிறுவனங்கள் தயங்குகின்றன. படத்தில் தெரியும் மாற்றம் நோயாளியின் வாழ்வில் நன்மையாக மாறும் என்று காட்டாதவரை அனுமதி கடினம் என்பது அமெரிக்க ஒழுங்குமுறையாளர்களின் நிலைப்பாடு. இந்தத் துறையின் பெரிய முட்டுக்கட்டை இங்கேதான் இருக்கிறது.

வலி போனது, மூட்டும் போனது

மறுதிசையில் நடந்தது இன்னும் பெரிய பாடம். நரம்பு வளர்ச்சிக் காரணி என்ற புரதம் உள்ளிட்ட வளர்ச்சிக் காரணிகளைக் கண்டறிந்ததற்காக ரீட்டா லெவி-மோண்டால்சினியும் ஸ்டான்லி கோயனும் 1986-ல் நோபல் பரிசு பெற்றார்கள். வளர்ந்த மனிதரில் இந்தப் புரதம் வலியைப் பெருக்குகிறது. இதைப் பிடித்து முடக்கும் டானெசுமாப் என்ற எதிர்ப்புரதம், மூட்டுக்குள் செலுத்தப்படாமல் ரத்தக்குழாய் வழியாகவும் பின்னாளில் தோலுக்கடியிலும் செலுத்தப்பட்டது. 2010-ல் வெளியான முழங்கால் சோதனையின் முடிவு இத்துறை அதுவரை கண்டிராதது. நடக்கும்போதான வலி மருந்தின் அளவைப் பொறுத்து 45 முதல் 62 சதவீதம் வரை குறைந்தது. பிளாசிபோவில் 22 சதவீதம். இம்முறை உப்புநீர் வெகுதொலைவில் பின்தங்கியது.

அதே ஆண்டு ஜூனில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் சோதனைகளை நிறுத்தியது. மருந்து பெற்ற சிலருக்கு மூட்டுகள் வழக்கத்துக்கு மாறான வேகத்தில் சிதைந்து, மாற்று மூட்டு பொருத்த வேண்டிய நிலை வந்திருந்தது. சிலருக்குச் சிதைந்தது ஏற்கெனவே நோயுற்ற மூட்டுகூட அல்ல. பல ஆண்டு ஆய்வுக்குப் பின், குறைந்த அளவில், கடும் கண்காணிப்போடு சோதனைகள் மீண்டும் தொடங்கின. சுமார் மூவாயிரம் பேரில் வழக்கமான வலி நிவாரணி மாத்திரைகளோடு ஒப்பிட்டபோது, மூட்டுப் பாதிப்புகள் மாத்திரைக் குழுவில் 1.5 சதவீதம், டானெசுமாப் 2.5 மில்லிகிராம் பெற்றவர்களில் 3.8 சதவீதம், 5 மில்லிகிராமில் 7.1 சதவீதம். 2021 மார்ச்சில் நிபுணர் குழு 19-க்கு 1 என்ற வாக்கில், நன்மை ஆபத்தை மிஞ்சும் என்று உறுதிசெய்ய வழியில்லை என முடிவு செய்தது. அந்த ஆண்டு அக்டோபரில் மருந்தை உருவாக்கிய நிறுவனங்கள் திட்டத்தைக் கைவிட்டன.

சதவீதங்களைக் கவனியுங்கள். நூற்றில் இரண்டு, மூன்று பேரைக் கூடுதலாகத் தாக்கும் கெடுதல், ஐம்பது பேர் கொண்ட சோதனையில் தற்செயலாகத் தோன்றி மறைந்துவிடும். ஆயிரக்கணக்கானோரை ஓராண்டுக்கு மேல் தொடர்ந்து கவனித்ததால்தான் அது வெளிப்பட்டது. மருந்து பலனளிக்கிறதா என்று அறியத் தேவைப்படும் சோதனையைவிட, அது தீங்கற்றதா என்று அறியத் தேவைப்படும் சோதனை பெரும்பாலும் பெரியது, நீண்டது.

குப்பிக்குள் இருப்பது எது என்பதையும் சோதித்தாக வேண்டும். தென்கொரியாவில் 2017-ல் அனுமதி பெற்ற இன்வோசா என்ற முழங்கால் ஊசியில், மரபணு மாற்றப்பட்ட குருத்தெலும்புச் செல்கள் இருப்பதாகப் பதிவாகியிருந்தது. பிற்பாடு மரபணு அடையாளம் பார்த்தபோது அவை சிறுநீரகத் திசுவிலிருந்து பெறப்பட்ட ஆய்வகச் செல்கள் என்று தெரிந்தது. 2019-ல் அனுமதி ரத்தானது. ஆயிரக்கணக்கானோர் அதற்குள் அதைப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

மூட்டைத் தொடாத ஊசி

2024 அக்டோபரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியான சோதனையில் ஊசி மூட்டின் பக்கமே போகவில்லை. உடல் பருமனும் முழங்கால் தேய்மானமும் உள்ள 407 பேர், பதினோரு நாடுகள், 68 வாரங்கள். பசியைக் குறைக்கும் செமகுளுடைடை வாரம் ஒருமுறை தோலுக்கடியில் போட்டுக்கொண்டவர்களின் எடை 13.7 சதவீதம் குறைந்தது, பிளாசிபோவில் 3.2 சதவீதம். நூறு புள்ளி வலி அளவுகோலில் மருந்துக் குழுவுக்கு 41.7 புள்ளியும் பிளாசிபோ குழுவுக்கு 27.5 புள்ளியும் குறைந்தன. பிளாசிபோவின் வலிமை இங்கேயும் தெரிகிறது. ஆனால் இடையிலான 14 புள்ளி, நோயாளி தன் நடையில் உணரக்கூடியது.

இதற்கும் எல்லைகள் உண்டு. பருமன் இல்லாதவர்களுக்கு இந்த முடிவு பொருந்தாது. உடை தளர்வதைப் பார்த்துத் தனக்குக் கிடைத்தது மருந்து என்று பலர் ஊகித்திருப்பார்கள். அது எதிர்பார்ப்பைக் கூட்டியிருக்கும். இருந்தும், மூட்டின் மீதான சுமையும் உடலின் பொதுவான அழற்சியும் குறைந்தால் வலி குறையும் என்ற பழைய மருத்துவ அறிவுரைக்கு வலுவான சான்று கிடைத்திருக்கிறது.

நோயாளிக்கு இதில் என்ன?

இத்தனை தோல்விகளுக்குப் பிறகு ஆய்வாளர்கள் கேள்வியையே மாற்றி வருகிறார்கள். மூட்டுத் தேய்மானம் ஒரே நோய்தானா? ஒருவருக்கு உட்சவ்வின் அழற்சி முதன்மையாக இருக்கலாம், இன்னொருவருக்கு எலும்பின் மாற்றம், மற்றொருவருக்குப் பழைய காயம். எல்லோரையும் ஒரே பட்டியலில் சேர்த்துச் சராசரி எடுத்தால், சிலருக்கு உதவும் மருந்தும் பயனற்றதாகத் தோன்றலாம். பொருத்தமான நோயாளியை முன்கூட்டியே அடையாளம் காணும் சோதனைகளே அடுத்த கட்டம். ஆனால் அவையும் குலுக்கலையும் மறைப்பையும் உப்புநீரையும் தாண்டித்தான் வர வேண்டும். ஒரு சோதனை தோற்ற பிறகு, பலன் கண்ட சிலரை மட்டும் பொறுக்கி எடுத்து இவர்களுக்காவது வேலை செய்தது என்று சொல்வது சான்றாகாது. அது அடுத்த சோதனைக்கான கேள்வி மட்டுமே.

உங்களுக்கோ உங்கள் வீட்டுப் பெரியவருக்கோ மூட்டு ஊசி பரிந்துரைக்கப்பட்டால், மருத்துவரிடம் மரியாதையோடு கேட்கத் தகுந்த கேள்விகள் இவை. இது எதோடு ஒப்பிட்டுச் சோதிக்கப்பட்டது? எத்தனை பேரில்? பலன் எத்தனை வாரம் நீடித்தது? மூட்டுக்கு என்ன ஆனது என்று எதைக் கொண்டு பார்த்தார்கள்? திரும்பப் போட்டுக்கொள்ள வேண்டியிருக்குமா? ஸ்டீராய்டு ஊசி என்றால் இரண்டு செய்திகளை மனத்தில் வைக்க வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்கு அது சில நாட்கள் ரத்தச் சர்க்கரையை ஏற்றும். மாற்று மூட்டு அறுவை சிகிச்சை மூன்று மாதத்துக்குள் நடக்க இருந்தால் கிருமித்தொற்று ஆபத்து கூடும் என்பதால் முன்பே சொல்லிவிட வேண்டும். வலி உச்சத்தில் இருக்கும்போது பயிற்சியைத் தொடங்கவே முடியாதவருக்கு ஒரு ஸ்டீராய்டு ஊசி சில வாரக் கால அவகாசம் தரும். அந்த அவகாசத்தில் தொடைத் தசைகளை வலுப்படுத்தத் தொடங்கினால் ஊசி தன் வேலையைச் செய்துவிட்டது.

இன்று நம்மால் இவ்வளவு சொல்ல முடிவதற்குக் காரணம், தங்களுக்குக் கிடைப்பது உப்புநீராகவே இருக்கலாம் என்று தெரிந்தும் முழங்காலை நீட்டிய பல்லாயிரம் சாதாரண மனிதர்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு அந்தச் சோதனையால் தனிப்பட்ட லாபம் எதுவும் இல்லை. டானெசுமாப் நூறு பேரில் இரண்டு, மூன்று பேரின் மூட்டைக் கூடுதலாகச் சிதைக்கும் என்று நமக்கு எச்சரிக்கை கிடைத்தது அவர்கள் உடலின் வழியாக. அவர்கள் வாங்கித்தந்த அறிவைப் பயன்படுத்தாமல், சோதிக்கப்படாத ஊசியை நம்பிக் கடன் வாங்கிப் போட்டுக்கொள்ளும் நிலையில் நம் மக்களை விடுவது அவர்களுக்கு இழைக்கும் அநீதி. ஒப்பிட்டுப் பார்த்தீர்களா என்று கேட்கும் பழக்கம் மருத்துவமனைகளில் நோயாளியின் இயல்பான பேச்சாக மாற வேண்டும். புதிய மருந்து வரும்வரை காத்திருக்காமல் நாம் இன்றே தொடங்கக்கூடியது அது.